கூட்டுப்பெட்டிப் பாதுகாப்பு

கூட்டுப்பெட்டிப் பாதுகாப்பு என்பது வீட்டுச் சுவரிலும் கொல்லைப்புறத்திலும் பறவைகளுக்காக வைக்கப்படும் செயற்கைக் கூடுகளில் உள்ள முட்டைகளையும் குஞ்சுகளையும் அடைகாக்கும் தாய்ப்பறவையையும் கொன்றுண்ணிகளிடமிருந்து காக்கும் முறைகளைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் சிட்டுக்குருவிக்காகவே வைக்கப்படுகின்றன. இதன் அறிவியற் பெயர் பாசர் டொமசுட்டிக்கசு. இக்கட்டுரை புதுக்கோட்டை மாவட்டத்தையும் அதனை ஒத்த கண்மாய்ப் பாசன, வானம் பார்த்த பூமியாக உள்ள ஊர்களையும் முதன்மையாகக் கருத்தில் கொண்டு எழுதப்பட்டது.

மரப்பொந்திலோ சுவர் இடுக்கிலோ கூடு கட்டும் பறவை தானாகத் தேர்ந்தெடுத்த இடம் பல இடங்களுள் ஒன்றாக மறைந்து கிடக்கும். மனிதர் மாட்டும் பெட்டியோ வெளிப்படையாகத் தெரியும் இடத்தில், ஏறி அடையத்தக்க உயரத்தில் இருப்பது வழக்கம். ஒருமுறை அதில் இரை கண்ட பூனையும் காகமும் மீண்டும் மீண்டும் அங்கு வரும். ஆகவே பாதுகாப்பற்ற பெட்டியை வைப்பதைவிட வைக்காமலிருப்பது பறவைக்கு நல்லது எனலாம்.

பின்னணி

சிட்டுக்குருவி மனிதர் வாழும் இடத்தையே சார்ந்து வாழும் பறவையாகும். முற்றத்தில் உலரும் தானியத்தைத் தின்று, எருப்பொடியில் குடைந்து ஆடி, வீட்டு இறவாணத்தில் தன் குஞ்சுகளுடன் தங்கும் குருவியைச் சங்க இலக்கியமான குறுந்தொகையின் 46 ஆம் பாடல் காட்டுகிறது. அப்பாடல் கூறும் இறவாணம் அண்மைக்காலம் வரை புதுக்கோட்டை மாவட்டத்தின் ஓட்டு வீடுகளிலும் கூரை வீடுகளிலும் இருந்தது. ஓட்டுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்து, உத்திரம் சுவரில் புதையும் இடம், சாமி படத்தின் பின்புறம் ஆகியவை குருவிக்குக் கூடாயின. செட்டிநாட்டுப் பகுதியைச் சேர்ந்த இராயவரம், கோனாப்பட்டு போன்ற ஊர்களின் பெரிய வீடுகளில் முற்றமும் தாழ்வாரமும் இதே பயனைத் தந்தன. பைஞ்சுதைத் தளம் போட்ட வீடுகளில் இந்தச் சந்துகள் இல்லை. பெட்டி வைக்கும் தேவை இங்கிருந்தே தொடங்குகிறது.

பழைய இடுக்குகளுக்கு ஒரு சிறப்பு இருந்தது. அவை குறுகலானவை, ஆழமானவை, தரையிலிருந்து உயரமானவை. அவற்றின் கீழே எப்போதும் மனிதர் நடமாட்டம் இருந்தது. பெட்டி செய்பவர் அறியாமலேயே இந்த நான்கு இயல்புகளையும் விட்டுவிடுவது உண்டு.

சிட்டுக்குருவி அழிந்துவருகிறது என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. 2020 ஆம் ஆண்டு வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, நாட்டளவில் இப்பறவையின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக உள்ளது என்றும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்துள்ளது என்றும் கூறியது. செல்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சே காரணம் என்று திரைப்படம் வரையில் சொல்லப்பட்ட போதிலும் அதற்கு உறுதியான சான்று இல்லை. கூடு கட்ட இடமின்மையும், குஞ்சுகளுக்கு ஊட்டும் புழு பூச்சிகள் குறைந்தமையும் ஏற்கத்தக்க காரணங்களாகக் கருதப்படுகின்றன. முகமது திலாவர் என்பவர் நாசிக்கில் தொடங்கிய 'நேச்சர் ஃபாரெவர் சொசைட்டி' என்னும் அமைப்பின் முயற்சியால் 2010 ஆம் ஆண்டு முதல் மார்ச் 20 ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2012 இல் தில்லி அரசு சிட்டுக்குருவியை மாநிலப் பறவையாக அறிவித்தது. பள்ளிகளில் பெட்டி வழங்கும் வழக்கம் இதன்பின் பெருகியது. வழங்கப்படும் பெட்டியுடன் அதை எங்கே மாட்டுவது என்ற குறிப்பும் வழங்கப்படுவது நலம்.

சிட்டுக்குருவி தவிர மைனா, குண்டுக்கரிச்சான், புள்ளி ஆந்தை, பச்சைக்கிளி ஆகியனவும் பொந்துகளில் கூடு கட்டுவன. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கசா புயல் ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் தென்னையையும் பலாவையும் பிற முதிர்ந்த மரங்களையும் பேரளவில் சாய்த்தது. முதிர்ந்த மரம் விழும்போது அதன் பொந்துகளும் போய்விடுகின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டப்படும் தைலமரத் தோப்புகளில் பொந்து உண்டாக வாய்ப்பில்லை.

இணைய அறிவுரைகளில் ஒரு சிக்கல்

கூட்டுப்பெட்டி பற்றி இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளுள் பெரும்பகுதி வட அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்கே சிட்டுக்குருவி வந்தேறிப் பறவை. 1850களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் விடப்பட்ட குருவிகள் அக்கண்டம் முழுதும் பரவி, நீலச்சிட்டு போன்ற உள்ளூர்ப் பறவைகளின் பெட்டிகளைக் கைப்பற்றி அவற்றின் குஞ்சுகளைக் கொல்கின்றன. எனவே அந்த வழிகாட்டிகளில் சிட்டுக்குருவி எதிரிகளின் பட்டியலில் இருக்கும். அதை உள்ளே விடாதிருக்கும் வழிகளும் விரிவாகத் தரப்பட்டிருக்கும். அவற்றை அப்படியே பின்பற்றும் ஒருவர் தமிழ்நாட்டில் குருவி வராத பெட்டியைத்தான் செய்து முடிப்பார். மேலும் அங்கு முதன்மை எதிரி ரக்கூன் என்னும் விலங்கு. அது இந்தியாவில் இல்லை.

எதிரிகள்

கூட்டுப்பெட்டியின் எதிரிகளை இரண்டு வகையாகப் பிரித்து நோக்குவது பயனுள்ளது. குருவி நுழையும் துளைக்குள் நுழைய இயலாதவை ஒரு வகை. அத்துளைக்குள் நுழையக்கூடியவை மற்றொரு வகை. முதல் வகையைப் பெட்டியின் அமைப்பே தடுத்துவிடும். இரண்டாம் வகையைப் பெட்டியின் அமைப்பால் தடுக்க இயலாது. பெட்டி இருக்கும் இடத்தால் மட்டுமே தடுக்க இயலும். இந்த வேறுபாட்டை உணராமல் துளையை மட்டும் சரிசெய்வதனால்தான் நன்கு செய்யப்பட்ட பல பெட்டிகளும் பயனற்றுப் போகின்றன.

முதல் வகையில் காகம், அண்டங்காக்கை, வால்காக்கை, செம்போத்து, வைரி, பூனை ஆகியவை அடங்கும். காகம் துளைக்கு வெளியே அமர்ந்து, இரை கேட்டுத் தலை நீட்டும் குஞ்சைப் பற்றி இழுக்கும். வைரி பெட்டிக்கு வந்து போகும் பெரிய குருவிகளைப் பிடிக்கும். பூனை பெட்டியின் மேல் ஏறி, துளைக்குள் முன்னங்காலை விட்டுத் துழாவும். அடைகாக்கும் தாய் இரவில் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் பூனையின் ஒரு வரவில் தாயும் முட்டையும் சேர்ந்து அழியக்கூடும். மலைக்கோயில்களை ஒட்டிய ஊர்களில் குரங்குகளையும் இவ்வகையில் சேர்க்க வேண்டும். அவை துளையைப் பொருட்படுத்துவதில்லை, மூடியையே பிரித்துவிடும்.

இரண்டாம் வகையில் எலி, அணில், பாம்பு, எறும்பு ஆகியவை வரும். வீட்டு எலி இரவில் மின்கம்பியிலும் தொலைக்காட்சிக் கம்பிவடத்திலும் எளிதாக நடந்து வரும். முதுகில் மூன்று கோடுள்ள அணில் மரத்துளையைக் கொறித்துப் பெரிதாக்கித் தன் நாரைக் கொண்டுவந்து அடைத்துக்கொள்ளும். அது முட்டைகளைத் தின்பதும் உண்டு. அணில் பெரிதாக்கிய துளை பின்னர் காகத்துக்கும் வழியாகிவிடும்.

பாம்புகளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. மரமேறுவதில் வல்லது கொம்பேறி மூக்கன். இது நஞ்சற்றது. கடித்தவரின் உடல் எரிவதை மரத்தின் உச்சியிலிருந்து பார்த்த பின்பே இறங்கும் என்ற கதை ஊர்களில் வழங்குகிறது. உண்மையில் இது பல்லி, ஓணான், தவளை, சிறு பறவைகள், அவற்றின் முட்டைகள் ஆகியவற்றைத் தின்று வாழும் மெல்லிய பாம்பு. சாரைப்பாம்பும் நன்கு ஏறக்கூடியது, அதுவும் நஞ்சற்றது. வயலிலும் களத்திலும் எலிகளைத் தின்பதால் உழவருக்கு நன்மை செய்வது. குருவிப் பெட்டியைக் காப்பதற்காகச் சாரையை அடித்துக் கொல்பவர், அதே பெட்டிக்கு வரும் எலிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார். தவிர, இந்தியாவில் பாம்புகள் 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவன, கொல்வது குற்றமாகும். வீட்டருகே பாம்பு காணப்பட்டால் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணித் துறைக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்கலாம்.

குஞ்சு பொரிந்த முதல் சில நாட்களில் எறும்பும் பேரெதிரியே. சிறகு முளைக்காத குஞ்சு எறும்புக் கூட்டத்தைத் தாங்காது.

பெட்டியின் அமைப்பு

சிட்டுக்குருவிக்கான பெட்டியின் துளை 32 மி.மீ. விட்டம் இருத்தல் போதும். இதில் குருவி தாராளமாக நுழையும். காகமும் மைனாவும் நுழைய முடியாது. துளையின் கீழ் விளிம்பிலிருந்து பெட்டியின் தரை வரை 12 முதல் 15 செ.மீ. ஆழம் வேண்டும். குருவி வைக்கோலையும் நாரையும் இறகையும் கொண்டுவந்து இந்த ஆழத்தின் ஒரு பகுதியை நிரப்பிவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தரையின் அளவு 15 செ.மீ.க்கு 15 செ.மீ. இருக்கலாம்.

துளையின் மேல் 2 முதல் 3 செ.மீ. தடிமனுள்ள, அதே அளவு துளையிட்ட மரத்துண்டு ஒன்றைக் கூடுதலாகப் பொருத்துவது எளிய, ஆனால் மிகுந்த பயன் தரும் முறையாகும். துளை இதனால் ஒரு சிறு குகைப்பாதை போலாகிவிடுகிறது. நேராக நுழையும் குருவிக்கு அது இடையூறன்று. காலை உள்ளே விட்டுக் கீழ்நோக்கி வளைக்க முயலும் பூனைக்கு அது இடையூறாகும். அணில் தொல்லை உள்ள இடத்தில் துளையைச் சுற்றித் தகடு அடித்தால் கொறிக்க இயலாது. தகட்டின் விளிம்பு பறவையைக் கீறாதபடி அரத்தால் தேய்த்து மழுக்க வேண்டும்.

கடைகளில் விற்கும் அழகிய பெட்டிகளில் துளைக்குக் கீழே ஒரு குச்சி பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். சிட்டுக்குருவிக்கு அக்குச்சி தேவையில்லை. அது துளையின் விளிம்பைப் பற்றியே உள்ளே செல்லும். அக்குச்சி பயன்படுவது காகத்துக்குத்தான். இருப்பின் அறுத்துவிடலாம்.

கூரை துளைக்கு முன்னால் 8 செ.மீ. அளவாவது நீண்டு சரிந்திருந்தால் மேலிருந்து கால் நீட்டும் பூனைக்கு எட்டாது. வடகிழக்குப் பருவமழையின் சாரலும் உள்ளே வராது. மூடியை ஆணியால் அறைந்துவிடாமல் திருகாணியால் பொருத்துவது முறை. தூய்மை செய்யத் திறக்கலாம், குரங்கால் திறக்க முடியாது. தகரப் பெட்டியும் நெகிழிப் புட்டியும் கோடை வெயிலில் சூடேறிக் குஞ்சுகளைக் கொன்றுவிடக்கூடும். அட்டைப்பெட்டி ஒரு மழைக்குத் தாங்காது. 18 மி.மீ. தடிமனுள்ள மரப்பலகை ஏற்றது.

மண்கலயம் நல்ல மாற்றாகும். ஐரோப்பாவின் தாழ்நிலப் பகுதிகளில் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே சுவரில் மண்கலயங்களை மாட்டிக் குருவிகளைக் கூடு கட்டச் செய்தனர். ஆனால் அது குஞ்சுகளை எடுத்து உண்பதற்காக! பறவைகளைக் காக்கும் நோக்கில் செயற்கைக் கூடுகளை அமைத்தவர்களுள் முன்னோடியாக 19 ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லசு வாட்டர்டன் (1782–1865) குறிப்பிடப்படுகிறார். கலயத்தின் உருண்டை வடிவில் பூனைக்குப் பிடி கிடைப்பதில்லை. உட்புறம் குளிர்ந்திருக்கும். தூய்மை செய்வது கடினம் என்பதும் உடையும் என்பதும் அதன் குறைகள்.

பொருத்தும் இடம்

எலியும் பாம்பும் துளையில் நுழையக்கூடியவை ஆதலால், அவை துளை வரை வராதபடி இடத்தைத் தேர்ந்தெடுப்பதே ஒரே வழியாகும். இவ்வகையில் சிறந்தது பூச்சுப் பூசி வழவழப்பாக்கிய வெறுஞ்சுவர். தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்திலும், சன்னல் விளிம்பு, மதில், படிக்கட்டு, மழைநீர்க் குழாய், கம்பிவடம், கொடி ஆகியவற்றிலிருந்து விலகியும் பெட்டி இருக்க வேண்டும். பூசாத செங்கற் சுவரில் பாம்பு எளிதாக ஏறும். பெட்டிக்கு அழகு சேர்க்கப் பக்கத்தில் மல்லிகைக் கொடியைப் படரவிடுவது பாம்புக்கு ஏணி வைத்தது போலாகும்.

சன்ஷேடுக்கு அடியில் பொருத்தினால் வெயிலும் மழையும் படாது. ஆனால் சன்ஷேடின் மேற்பரப்பு பூனைக்கு எட்டுமா என்பதையும் பார்க்க வேண்டும். மேற்கு நோக்கிய சுவரில் பிற்பகல் வெயில் தாக்கும். வடக்கும் கிழக்கும் ஏற்றவை. வீட்டினுள்ளே பெட்டி வைப்பவர்கள் கூரை மின்விசிறியை மறந்துவிடலாகாது. கொன்றுண்ணியாகக் கருதப்படாத அவ்விசிறி பல குருவிகளின் உயிரைப் பறித்துள்ளது.

மரத்தில் பெட்டி மாட்டுவது பார்ப்பதற்கு இயல்பாகத் தோன்றினும் மேற்கூறிய எல்லா எதிரிகளும் மரமேறுபவை என்பதால் சிட்டுக்குருவிக்கு அது ஏற்றதன்று.

சுவர் கிடைக்காத கொல்லையில் இரும்புக் கம்பம் நட்டு அதன்மேல் பெட்டியை வைக்கலாம். அவ்வாறாயின் கம்பத்தில் தடுப்பு வேண்டும். இத்தடுப்பின் தத்துவம் புதுக்கோட்டைத் தென்னை உழவர்களுக்குப் புதிதன்று. தென்னையில் எலி ஏறி இளங்காய்களைத் துளைக்காமலிருக்கத் தண்டைச் சுற்றி ஏறத்தாழ 40 செ.மீ. அகலமுள்ள தகட்டை அடிப்பார்கள்; வழவழப்பான தகட்டில் எலியின் நகம் பிடிப்பதில்லை. கம்பத்திலும் இதே கருத்தே பயன்படுகிறது. 15 முதல் 20 செ.மீ. விட்டமும் 60 செ.மீ.க்குக் குறையாத நீளமும் உள்ள தகரக் குழாய் அல்லது பி.வி.சி. குழாயின் மேல்வாயை மூடி, கம்பம் அதன் நடுவே செல்லும்படி, பெட்டிக்குக் கீழே தொங்கவிட வேண்டும். கம்பத்தில் ஏறிவரும் எலியோ பாம்போ குழாயின் உள்ளே சென்று மூடிய மேல்வாயில் முட்டித் திரும்பும். வெளிப்பக்கமாக ஏற முயன்றால் அகன்ற வழவழப்பான பரப்பில் பிடி கிடைக்காது. மிகப் பெரிய சாரை இதையும் கடக்கக்கூடும். கம்பத்துக்கு 3 மீட்டர் தொலைவுக்குள் மரக்கிளையோ மதிலோ இருந்தால் அணிலும் பூனையும் தாவி வந்துவிடும், தடுப்பினால் பயனில்லை.

கம்பியில் தொங்கவிடும் கலயத்துக்கு எறும்பு வரும் வழி அக்கம்பி ஒன்றே. நடுவில் நீர் நிரப்பிய சிறு கிண்ணம் ஒன்றைக் கம்பி அதன் ஊடே செல்லுமாறு கோத்துவிட்டால் எறும்பு கடக்காது. சமையலறையில் பண்டப் பாத்திரத்தை நீர்த்தட்டில் வைக்கும் அதே முறை இது. கோடையில் நீர் விரைவில் வற்றிவிடும் என்பதால் நாள்தோறும் பார்க்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

கம்பத்தில் மசகெண்ணெயைத் தடவும் பழக்கம் சிலரிடம் உள்ளது. அது இறகில் ஒட்டினால் பறவையால் பறக்கவோ உடல் வெப்பத்தைக் காக்கவோ இயலாது. எலிக்கு வைக்கும் ஒட்டுப்பசைத் தாளிலும் குருவி, பல்லி ஆகியன சிக்கி இறக்கும். பாம்பைத் தடுக்க நைலான் வலையைச் சுற்றினால் பாம்பு அதில் மாட்டி மெல்ல இறக்கிறது; சில வேளை பறவையும் மாட்டுகிறது. எறும்புச் சாக்கட்டி ஒரு பூச்சிக்கொல்லி. அதைப் பெட்டியின் உட்புறத்தில் தீட்டலாகாது. மிளகாய்த் தூள் தூவுவோர் உண்டு. காரத்தைப் பாலூட்டிகள் உணர்வது போல் பறவைகள் உணர்வதில்லை என்பது அறிவியல் உண்மையே. எனினும் ஒரு மழைக்கு அது கரைந்துவிடும்.

பெட்டியின் அடியிலேயே கம்போ அரிசியோ தூவுவது அன்பினால் செய்யப்படும் தவறு. தானியம் எலியை இழுக்கிறது, எலி பாம்பையும் பூனையையும் இழுக்கிறது. தீனியும் நீரும் பெட்டியிலிருந்து சில மீட்டர் தள்ளி, பூனை பதுங்க இடமில்லாத வெட்டவெளியில் வைக்கப்பட வேண்டும். நெற்கதிர்க் கொத்தைத் தொங்கவிடுபவர்களும் இவ்வாறே செய்யலாம்.

பொத்தகுடி நிகழ்வு

புதுக்கோட்டையை அடுத்த சிவகங்கை மாவட்டத்தின் பொத்தகுடி என்னும் சிற்றூரில் 2020 ஆம் ஆண்டு, தெருவிளக்குகளை இயக்கும் பொது மின்விசைப் பெட்டிக்குள் ஒரு பறவை கூடு கட்டி முட்டையிட்டது. விளக்கைப் போட அப்பெட்டிக்குள் கை விட வேண்டியிருந்ததால், குஞ்சுகள் பறந்து செல்லும் வரை ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரார் தெருவிளக்குகளை எரிய விடாமல் இருந்தனர். இச்செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. இருளில் நடக்க வேண்டியிருந்த பெண்கள், முதியோர் ஆகியோரின் தயக்கத்தையும் கடந்தே இம்முடிவு எடுக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. கூட்டுப்பெட்டி அமைப்போர் இதில் வேறொன்றையும் கவனிக்கலாம். மூடிய பெட்டி, பூனை நுழைய முடியாத வாய், கீழே ஆள் நடமாட்டம் ஆகிய மூன்றும் உள்ள இடத்தை அப்பறவை தானாகவே தேர்ந்தெடுத்திருந்தது.

குஞ்சுகள் வெளியேறும் காலம்

சிட்டுக்குருவி ஓர் ஈட்டில் பொதுவாக 4 அல்லது 5 முட்டைகள் இடும். 11 முதல் 14 நாட்களில் குஞ்சு பொரியும். ஏறத்தாழ 15 நாட்களில் குஞ்சு கூட்டை விட்டு வெளியேறும். இந்த ஒரு மாதக் காலத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் கையால் தொடுவதும் கூடாது. கூட்டுக்கு அடிக்கடி செல்வதால் காகம் அவ்விடத்தைக் கவனித்துக்கொள்ளும்.

பெட்டி எவ்வளவு நன்றாக இருப்பினும் குஞ்சு வெளியேறும் முதல் இரண்டு மூன்று நாட்களில் அதனால் பயனில்லை. சரியாகப் பறக்கத் தெரியாத குஞ்சு தரையிலும் தாழ்ந்த கிளையிலும் அமர்ந்து தாயை அழைக்கும். வீட்டில் பூனை வளர்ப்போர் அந்நாட்களில் அதை உள்ளே அடைத்து வைப்பது ஒன்றே உறுதியான வழி. பெட்டியிலிருந்து நான்கைந்து மீட்டர் தொலைவில் மருதாணி, செம்பருத்தி போன்ற அடர்ந்த புதர் இருந்தால் குஞ்சு அதற்குள் புகுந்துகொள்ளும். தரையில் காணப்படும் இறகு முளைத்த குஞ்சு பெரும்பாலும் கைவிடப்பட்டதன்று. தாய் அருகிலேயே இருக்கும். அதை எடுத்துச் சென்று வளர்க்க முயலாமல், அருகிலுள்ள புதரில் விட்டுவிடலாம்.

குஞ்சுகள் சென்ற பின் பழைய கூட்டை முழுவதும் அகற்றிப் பெட்டியை வெயிலில் காய வைக்க வேண்டும். சிட்டுக்குருவி ஓராண்டில் பலமுறை ஈடு வைக்கும். பழைய கூட்டை அகற்றாவிடில் அடுத்த கூடு அதன் மேலேயே கட்டப்படும். ஒவ்வொரு ஈட்டுக்கும் முட்டைகள் சில செ.மீ. உயர்ந்து, மூன்றாம் ஈட்டுக்குள் துளையின் விளிம்புக்கு அருகில் வந்துவிடும். 15 செ.மீ. ஆழத்தில் பூனைக்கு எட்டாதிருந்த முட்டை அப்போது காகத்தின் அலகுக்கே எட்டும்.